என் ரத்தமே அளவுகோல்

என் ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் கர்வம் இருந்தது. வேறு எதைப் பற்றியும் பெருமையடித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, பதினான்கு வருடமாக ஊரார் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தவள் நான். ஆனால் என் ரத்தம் நல்ல ரத்தம். ஹீமோகுளோபின் பன்னிரண்டரை, பிளேட்லெட் இரண்டரை லட்சம். வருடக்கணக்காக அப்படியே. மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது.

கல்மண்டபத்தில் ஒரு சின்ன லேபில் வேலை. முதலாளி தூத்துக்குடிக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் மளிகைக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் லேப் வைத்தார். ஆனாலும் அதை மளிகைக்கடை மாதிரிதான் நடத்தினார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஊதுபத்தி, வாசலில் தண்ணீர், முதல் ஆளை சும்மா திருப்பி அனுப்பக்கூடாது. நான் ஆறரைக்கு வந்து இரண்டு மணிக்குப் போவேன். கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போனபிறகு ரத்தம் எடுப்பது, மெஷினில் போடுவது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் நான் ஒருத்திதான்.

ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷினை நம்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. தினமும் காலையில், நோயாளிகளின் ரத்தத்தைப் போடும் முன்னால், கம்பெனியிலிருந்து வருகிற ஒரு குப்பி ரத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் எத்தனை அணுக்கள் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். மெஷினும் அதையே சொன்னால் மெஷின் சரி. அந்தக் குப்பி ஐஸ் பெட்டியில் வர வேண்டும், சீக்கிரம் கெட்டுப்போகும், மழைக்காலத்தில் வரவே வராது. சின்ன லேப்களில் அதற்கு நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். கம்பெனி ரத்தம் இல்லாத நாட்களில் எண்ணிக்கை தெரிந்த ஒருவரின் ரத்தத்தைப் போட்டுப் பார்ப்போம். எங்கள் லேபில் அந்த ஒருவர் நான்.

ரப்பர் பட்டியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையில் கட்டி, வலது கையால் ஊசி குத்தி, ஊதா மூடி டியூபில் இரண்டு மில்லி எடுப்பேன். மெஷின் இரண்டரை லட்சம் என்று காட்டினால் அன்றைக்குக் கடை திறக்கலாம். முதலாளி என்னை வந்தவர்களிடம் அறிமுகப்படுத்துவதே அப்படித்தான். "எங்க லேபுக்குத் தராசுக்கல்லு இந்தப் பிள்ளைதான்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

முப்பத்தாறு வயதில் முதல் கர்ப்பம். சாதி விட்டுக் கட்டிக்கொண்டதால் என் புருஷன் வீட்டில் எங்களைச் சேர்க்கவில்லை. என் அம்மா இல்லை, அண்ணனோடு பேச்சு இல்லை. ஐந்தாவது மாதத்தில் அவர் வெல்டிங் வேலைக்கு மஸ்கட் போனார். போகச் சொன்னது நான்தான், அதனால் யார் மேலும் கோபப்பட முடியாது. திருவொற்றியூரில் மாடி போர்ஷனில் நான் மட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீடியோவில் வருவார். "சாப்டியா?" என்பார், "சாப்ட்டேன்" என்பேன், பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுநாள் காலை ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் "கையை நீட்டுங்க" என்று சொல்லும்வரை நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. வயிற்றில் ஓர் உயிர் இருந்தும் அந்த அளவு தனிமையாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சில நாள் சாயங்காலம் டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால், அந்த மாதங்களில் தினமும் என்னைப் பற்றி விசாரித்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

அது சொன்னதைத்தான் நான் நம்பவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் கம்பெனிக் குப்பி நின்றுபோனது. நான் தினமும் என் ரத்தத்தைப் போட ஆரம்பித்தேன். இரண்டரை லட்சம் காட்ட வேண்டிய மெஷின் இரண்டே கால் காட்டியது. கர்ப்பத்தில் கொஞ்சம் குறையும் என்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன். பத்து நாளில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், எங்கள் பேச்சில் ஒன்று தொண்ணூறு. நோயாளிகள் கூட்டம் வேறு. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பிளேட்லெட் தெரியாத ஆளே கிடையாது. டெங்கு அந்தப் பாடத்தை வீட்டுக்கு வீடு நடத்தியிருக்கிறது. டீக்கடையில்கூட "பிளேட்டு எவ்ளோ?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மெஷின் குறைத்துக் காட்டினால் ஊரே பப்பாளி இலைக்கு ஓடும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் என் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அதில் என்ன தெரியுமோ. "ஒன் ரத்தம் பொய் சொல்லாது தாயி. மெஷினுக்குத்தான் என்னமோ கோளாறு" என்றார்.

மெஷினின் ஊசித்துளையைக் கழுவினேன். அப்படியே காட்டியது. மெஷின் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆள் வர ஒரு வாரமாகும் என்றார்கள். "எண்ணிக்கை தெரிஞ்ச சாம்பிள் ஏதாவது கைவசம் இருக்கா மேடம்? இருந்தா அதுக்குத் தக்கபடி நீங்களே செட்டிங்கை ஏத்திக்குங்க" என்று போனிலேயே வழி சொன்னான் ஒரு பையன். தெரிந்த சாம்பிள் இருந்தது. நானே இருந்தேன். பிளேட்லெட்டுக்கு மட்டும் செட்டிங்கை ஏற்றினேன். மறுபடி என் ரத்தத்தைப் போட்டேன். இரண்டரை லட்சம். மனது நிம்மதியாயிற்று.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று தொண்ணூறுக்கு இறங்கியது. மறுபடி ஏற்றினேன். "மெஷின் கெழடாயிட்டுப் போல" என்று முதலாளி வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். குறைவது நானாக இருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. தராசுக்கல் தேயும் என்று எந்தக் கடைக்காரரும் நினைப்பதில்லை போலிருக்கிறது.

உடம்பு சொல்லாமல் இல்லை. கால் வீங்கியது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு வீங்காமல் என்ன செய்யும் என்று இருந்தேன். தலை வலித்தது. எண்ணூர், மணலிக் காற்று அடிக்கிற ஊரில் தலைவலியை யாராவது டாக்டரிடம் கொண்டுபோவார்களா? கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் முன்பு ஒருமுறை பிபி கொஞ்சம் கூட என்று சொல்லி, அடுத்த வாரமே வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. லேபைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. அதோடு, தினம் தினம் தன் ரத்தத்தைப் பரிசோதிக்கிற கர்ப்பிணி ஊரிலேயே நான் ஒருத்திதான் என்கிற திமிர். என்னை என்ன சொல்வது?

அப்போதுதான் அவள் வந்தாள். முகத்துவாரக்குப்பத்துப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும், எட்டாவது மாதம். புருஷன் காசிமேட்டிலிருந்து ஆழ்கடல் போகிற போட்டில் வேலை, போனால் பத்து நாள். அவள் தெருவிலிருந்த டாக்டர் பிபி அதிகம் என்று மாத்திரை கொடுத்து, பிளேட்லெட் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்.

"அக்கா, எனுக்கு ஜொரமே இல்லக்கா. டெங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கு பிளேட்டு பாக்கச் சொல்றாரு?"

"டாக்டர் எழுதினா பாக்கணும்" என்றேன். பெரிய பதில்.

"ஒரு லட்சத்துக்குக் கீழ போச்சின்னா நேரா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொல்லிக்கீறாரு. மேல இருந்தா மாத்திரை துன்னுட்டு அடுத்த வாரம் வரச் சொன்னாரு. பயமா கீதுக்கா."

மெஷின் ஒன்று முப்பத்தெட்டு என்றது. எனக்கே சந்தோஷம். நானும் கர்ப்பிணி, அவளும் கர்ப்பிணி, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். "ஒண்ணு முப்பத்தெட்டு. லட்சத்துக்கு எவ்வளவோ மேல. ஜம்முனு வூட்டுக்குப் போ" என்றேன். அவள் என் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க என்னோடு உட்கார்ந்து பேசிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு நான் கொடுத்த அந்த எண் பொய். உண்மையில் எண்பதாயிரம்தான் இருந்தது. அன்றைக்கே அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டியவள்.

அடுத்த வாரம் சொன்னபடி வந்தாள். முகம் உப்பியிருந்தது. மார்புக்குழிக்குக் கீழே வலிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். மெஷின் எண்பத்து மூவாயிரம் காட்டியது. லட்சத்துக்குக் கீழே எது வந்தாலும் கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் நேரே எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கட்டாயம். அந்த மழைக்காலத்தில் கூட்டம் தாங்காமல் நான் அதையும் பாதி நாள் விட்டிருந்தேன். அன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தேன்.

ஒரு வட்டத்துக்குள் தெரிகிற பிளேட்லெட்டை எண்ணி பதினைந்தாயிரத்தால் பெருக்கினால் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். எண்பத்து மூவாயிரத்துக்கு ஐந்தாறு தெரிய வேண்டும். மூன்றுதான் தெரிந்தது. இடம் மாற்றினேன். மூன்று. இன்னொரு இடம், இரண்டு. இருந்தவையும் சாதாரணமாக இல்லை. பெரிசு பெரிசாக, சிவப்பணு அளவுக்கு உப்பிப்போய் இருந்தன. எலும்புக்குள் வளர்ந்து முடியாதவற்றை அவசரத்துக்கு வெளியே அனுப்பினால்தான் அப்படி இருக்கும். உடம்பில் எங்கோ பிளேட்லெட் வேகமாகச் செலவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்றல்லவா நான் ஏற்றினேன்? அது இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டுகிறதே. காலையில் எடுத்த என் டியூப் ஸ்டாண்டிலேயே இருந்தது. அன்று மெஷின் அதற்கு ஒன்று அறுபது சொல்லியிருந்தது, மூன்றாவது முறையாக ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தேன். வட்டத்துக்குப் பத்துக்கு மேல் தெரிய வேண்டும், ஆறுதான் தெரிந்தது. அதே பெரிய பெரிய பிளேட்லெட்டுகள். இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். யாருடையது எது என்று சீட்டு ஒட்டாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

மெஷின் முதல் நாளிலிருந்து சரியாகத்தான் சொல்லியிருந்தது.

பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்து மறந்திருந்தேன். நஞ்சுக்கொடி சரியாக வேர்விடாத சில கர்ப்பங்களில், அது தாயின் ரத்தத்துக்குள் என்னென்னவோ கலந்துவிடுகிறது. ரத்தக் குழாய்களின் உள்பூச்சு எங்கும் புண்பட்டதுபோல் ஆகிறது. பிளேட்லெட்டின் வேலை ஓட்டையை அடைப்பது. எங்கள் பக்கத்துக் குப்பங்களில் யாராவது "கடலு உள்ள வருது" என்று ஒரு குரல் கொடுத்தால் எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி, சந்துமுனையில் முட்டிக்கொண்டு நிற்பார்களே, அதுதான் உள்ளே நடக்கிறது. பிளேட்லெட்டுகள் ரத்தம் கசியாத இடத்திலெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு, குழாயைக் குறுக்கி, தாங்களும் தீர்ந்துபோகின்றன. பிபி ஏறும், சிறுநீரகம் திணறும், ஈரல் வீங்கும், குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையும். பிளேட்லெட் இறங்க இறங்க ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். அந்த எண்ணைத்தான் நான் இரண்டு முறை கையால் மேலே ஏற்றியிருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த ஒரு மாதத்தில் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, வேறு லேபில் இலவசமாக மறுபடி பார்க்க ஏற்பாடு செய்தார். காய்ச்சல்காரர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் பல நாள் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவளிடம் வந்தேன். "ரொம்பக் கொறஞ்சிருக்கு. இப்பவே போகணும். நானும் வரேன், எனக்கும் கொறஞ்சிருக்கு" என்றேன்.

"உனுக்குமா? அய்யய்யோ, உனுக்கு இன்னாக்கா ஆச்சி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறினோம். இரண்டு வயிறும் சேர்ந்து உட்கார இடம் போதவில்லை. ஆட்டோக்காரர் பள்ளத்தில் இறக்கும்போதெல்லாம் "பாத்துப் போ நைனா, உள்ள நாலு பேரு கீறோம்" என்று அவள் சொன்னாள். போன வாரம் கொடுத்த எண் தப்பு என்று சொல்ல அப்போது எனக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் பயப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு பிபி நூற்று எழுபது. அவளுக்கு அதற்கும் மேல். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு, வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. அவள் வயிற்றில் கருவியை வைத்த டாக்டரம்மா இடம் மாற்றி மாற்றித் தேடினார். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் தேடினார்கள். நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

"எப்பலேர்ந்தும்மா அசைவு இல்ல?"

"நேத்து கம்மியாத்தான் இருந்திச்சி. தூங்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்தாள். கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் ரத்தத்தில் பிளேட்லெட் நாற்பதாயிரத்துக்கும் கீழே போயிருந்தது. பிளேட்லெட் பைகள் வந்தன. பதினான்கு வருடம் புள்ளி புள்ளியாக எண்ணிய பொருளை மொத்தமாக அன்றுதான் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு நிறத்தில், பைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. அதனால்தான் அவள் பிழைத்தாள். பிள்ளை ஆண். பிறக்கும்போதே உயிரில்லை.

என் மகளை அன்று சாயங்காலமே அறுத்து எடுத்தார்கள். ஒரு கிலோ நானூற்றைம்பது கிராம். உயிரோடு இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவளை மூன்றாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து அவருக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், ஒளிக்கவில்லை. அவர் சீட்டில் எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தக் குழந்தை பிழைச்சிருக்க வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல முடியாது" என்றார். ஆக, டாக்டரிடம் சொல்லிவிட்டேன், முதலாளியிடம் சொல்லிவிட்டேன், புருஷனிடம் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டிய ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பிபி இருப்பதால் பாலை வற்றவைக்கிற மாத்திரை கொடுக்கமாட்டார்கள். நைட்டி நனைய நனைய உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஒரு சொட்டு இல்லை. சிஸ்டர் வந்து பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானாகவே கேட்டாள்.

"இத்த இன்னா பண்றது சிஸ்டர்? வாஷ்பேசின்ல ஊத்தறதா? அக்கா கொயந்தைக்குக் குடுக்கலாம்ல?"

ஆஸ்பத்திரியில் பால் வங்கி இருந்தது. பிள்ளை தங்காத தாய்மார்களும் பால் மிகுந்தவர்களும் கொடுப்பதைச் சோதித்து, சூடாக்கி, எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். முறைப்படி யார் பால் யாருக்கு என்று சொல்வதில்லை. அந்த சிஸ்டருக்கு இவள் மேல் இரக்கம். இவள் பாட்டிலில் மட்டும் என் மகளின் கட்டில் எண்ணை எழுதி ஒட்டிவிடுவாள். குழாய் வழியாக அஞ்சு மில்லி, பத்து மில்லி என்று உள்ளே போனது. என் மகள் எடை ஏறினாள்.

ஒரு வாரத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் பெட்டியில் இருந்ததால் நான் வார்டிலேயே இருந்தேன். அதற்குப் பிறகும் தினமும் வந்தாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ் மாறி, பதினோரு மணிக்கு டாணென்று வருவாள். பால் கொடுத்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்காருவாள். புளிச்சோறு கொண்டுவருவாள். மாமியார் பேசுகிற பேச்சு, புருஷன் கரைக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது, எல்லாம் சொல்வாள். "நீ மட்டும் அன்னிக்கி கண்டுபுடிச்சி இஸ்துகினு வரலேன்னா நானும் பூட்டிருப்பேன்க்கா" என்பாள். ஒவ்வொரு முறையும் என் வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

பதினோரு மணியை எதிர்பார்த்து நான் காத்திருந்தேன் என்பதும் உண்மை. என் வாழ்க்கையில் அந்த வயதுக்கு எனக்கென்று தேடி வந்த மனுஷி அவள்தான். சொன்னால் வரமாட்டாள். வராவிட்டால் மகளுக்குப் பால் இல்லை, எனக்குப் பேச்சுத் துணை இல்லை. இதில் எது பெரிய காரணம் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் மகள் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இருபதாம் நாள் போல எனக்கே பால் ஊறத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு ஒரு பாலாடை நிறைய. சிஸ்டர் பார்த்துவிட்டு, "பரவால்லியே, இன்னும் ரெண்டு நாள்ல உன் பாலே போதும்" என்றாள். அன்றைக்குத்தான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஏன் அன்றைக்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கு வந்தாள். பால் கொடுக்கப் போகும் முன்னால் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் ரத்தத்தை வைத்து மெஷினைத் திருத்தியது, அவள் முதல் ரிப்போர்ட்டில் ஒன்று முப்பத்தெட்டு என்று கொடுத்தது, உண்மையில் எண்பதாயிரம் இருந்தது, அன்றைக்கே அவளை அனுப்பியிருக்க வேண்டியது. எல்லாம். அவளுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் புடவை முந்தானையை மார்பின் மேல் இழுத்துப் பிடித்திருந்தாள், ஈரம் தெரியாமலிருக்க.

"அன்னிக்கி என் புள்ள உசுரோட இருந்திச்சில்ல?"

"இருந்தது."

"நான் பாலு குடுக்கறதுக்கு முன்னாடியே உனுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"தெரியும்" என்றேன்.

அவள் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவர்கள் குப்பத்துத் திட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காக ஏங்கினேன். அவளோ பையை எடுத்துக்கொண்டு வார்டைத் தாண்டி நடந்தாள். வாசலுக்குப் போகாமல் பால் கொடுக்கிற அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்து, என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. எந்த முகத்தோடு போவது?

சிறிது நேரத்தில் சிஸ்டர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள். முகத்தில் குழப்பம்.

"என்னாச்சு உங்களுக்குள்ள? பால் கொடுத்துட்டுப் போச்சு. ஆனா உன் பொண்ணு நம்பர எழுத வேணாமாம். வேற எந்தக் கொழந்தைக்கு வேணா குடுங்கன்னு சொல்லிட்டுப் போகுது."

"அப்படியே செய்யுங்க" என்றேன்.

அந்தப் பாட்டில் வேறொரு குழந்தைக்குப் போயிற்று. என் மகளுக்கு அன்று என் பால் மட்டும்தான். போதாமல் அழுதாள்.